ஒன்றுக்குப் பத்தாய் வந்த வாழ்த்து

நேர்கோட்டுக்கு நெறி வகுத்த நேர்மையே! நெஞ்சங்களுக்கு நிறம் தீட்டிய நேயமே! குழாய்களின் வழியே ஊருக்குக் குடிநீரும், காகிதங்களின் வழியே வீடுகளுக்குக் குதூகலமும் முப்பத்து மூன்று ஆண்டுகள் முறை தவறாமல், நில்லாமல் ஓடச்செய்த முதல்வியே! குடிநீர் வாரிய வரைவுப் பிரிவின் தலைமை வரைவாளரே! வயதில் மூத்தவரும் இளையவரும் வாய் நிறைய ‘வாழ்த்தக்கா’ என்று அழைக்கும் எங்கள் வாஞ்சைக்குரியவரே! பணி நிறைவு பெறும் இந்நன்னாளில் தங்களை வணங்கி, வாழ்த்தி, சற்றே பயந்தும் இம்மடலை வாசிக்கின்றோம்.

பயத்துக்குக் காரணம் தங்கள் கைப்பையில் இருக்கும் சிவப்புப் பென்சில். அதைக் கண்டு நடுங்காதவர் இந்த அரங்கில் இல்லை. சென்ற ஆண்டு ஓய்வு பெற்ற பம்பு ஓட்டுநருக்கு, வழக்கம்போல் பழைய மடலையே எடுத்து ஆண்டை மட்டும் மாற்றி வாசித்தோம். அதில் ‘தட்டச்சுத் தாரகையே’ என்ற விளி அப்படியே கிடந்தது. அந்த முரட்டு மீசைக்காரர் மேடையில் நெளிய, தாங்கள் முதல் வரிசையிலிருந்து எழுந்து வந்து, அந்த இரண்டு சொற்களையும் சுழித்து, பிழையான வரைபடங்களைத் திருப்பி அனுப்பும்போது எழுதுவதுபோலவே ஓரத்தில் ‘மீண்டும்’ என்று எழுதிவிட்டுப் போய் அமர்ந்தீர்கள். ஆகவே இம்முறை எழுத்தர் பழைய தாளைத் தொடவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதியிருக்கிறார். மடல் நீண்டுவிட்டது என்று தோன்றினால் பொறுத்தருள்க. நடந்தது நீளமானது மட்டுமல்ல, ஐந்தடி அகலமானதும்கூட.

மதிய உணவு இடைவேளை அரை மணி நேரம். அதில் பத்து நிமிடம் தங்கள் சோற்றுக்கு, இருபது நிமிடம் அடுத்த வீட்டு மகிழ்ச்சிக்கு. ரத்தான வரைபடங்களின் வெற்று முதுகை எடுத்து, தாளின் நார் ஓடும் திசையைத் தடவிப் பார்த்து, கரண்டியின் பின்புறத்தால் மடிப்புக் கோட்டை அழுத்தி, ஒட்டியதைப் பழைய இரும்பு வால்வு மூடியின் கீழே வைத்து உலரவிட்டு, மறுநாள் ஒரு வாழ்த்தட்டையாக நீட்டுவீர்கள். கடையில் வாங்கும் அட்டையில் எல்லாருக்கும் ஒரே ரோஜாப்பூ இருக்கும். தங்கள் அட்டையில் அந்தந்த வீடே இருக்கும்.

தட்டச்சரின் தந்தை கால் முறிந்து கிடந்தபோது, பதின்மூன்று படிகள் கொண்ட மாடிப்படி அட்டை ஒன்று போனது. நாளுக்கு ஒரு படியை விரிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பதின்மூன்றாம் படி விரிந்த அன்று அந்த மனிதர் நிஜப் படியில் கால் வைத்தார். நில அளவையாளரின் மகன் தேர்வில் தோற்றபோது, வென்றவர்களுக்குத்தானே வாழ்த்து என்று அவனே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க, உள்ளே எதுவும் எழுதாத ஓர் அட்டையும் சீவிய பென்சிலும் அவனைத் தேடிச் சென்றன. ஜீப் ஓட்டுநரும் அவர் மனைவியும் பதினெட்டு நாள் பேசாமல் இருந்த கதை ஊரறிந்தது. இரு முனையையும் இருவர் ஒரே நேரத்தில் இழுத்தால் மட்டுமே திறக்கும் அட்டை ஒன்றைத் தாங்கள் செய்து அனுப்பினீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆவலில் அந்த அம்மாள் ஒரு முனையைப் பிடித்தார். உள்ளே ‘காபி ஆறுது’ என்று மட்டும் எழுதியிருந்தது. இப்போது மூன்றாம் வரிசையில் அவர்கள் சேர்ந்துதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இனி, இம்மடலின் உயிரான பகுதிக்கு வருகிறோம். அது எங்கள் பணிமனைத் தச்சரைப் பற்றியது.

தச்சருக்கு ‘அப்படியே’ என்று பட்டப்பெயர். வரைபடத்தில் என்ன இருக்கிறதோ அப்படியே செய்வார், ஒரு நூல் கூடாது, குறையாது. அந்தப் பழக்கத்தை அவருக்கு ஊட்டியவர் தாங்கள்தான். அவர் பணியில் சேர்ந்த புதிதில் யாரோ வாய்வார்த்தையாகச் சொன்னதைக் கேட்டு, பம்பு அறைக் கதவை இடப்பக்கம் திறக்கும்படி செய்துவிட்டார். தாங்கள் கீழே இறங்கி வந்து, “தச்சரே, வாயில வர்றது ஆயிரம் வரும். தாள்ல இருக்கிறதை மட்டும் நம்புங்க. ரெண்டும் ஒத்துவரலன்னா தாள்தான் ஜெயிக்கும்” என்றீர்கள். அன்றிலிருந்து மேலதிகாரியே நேரில் வந்து சொன்னாலும், “தாள்ல குடுங்க ஐயா” என்பதுதான் அவர் பதில்.

அவர் மனைவிக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கண்பார்வை மங்கத் தொடங்கி, ஒரே ஆண்டில் முற்றும் போயிற்று. அந்த ஆண்டு அவர் பிறந்தநாளுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் தச்சர் தவித்தார். புடவை வாங்கினால் நிறம் தெரியாது, படம் வாங்கினால் பார்க்க முடியாது. அப்போது தாங்கள் ஓர் அட்டை செய்தீர்கள். உப்புத்தாளில் வாசற்படி, கம்பளித் துண்டில் வீட்டுப் பூனை, மடித்து மடித்து உயர்த்திய தாளில் வீட்டுக் கூரை, முறுக்கிய நூலில் துணி காயும் கொடி. அந்த அம்மாள் விரலால் தடவிக்கொண்டே வந்து, பூனையைத் தொட்டதும் சிரித்தாராம். பார்வை போன பிறகு அவர் சிரித்தது அன்றுதான். தச்சர் பணிமனையில் ஒரு மூலையில் நின்று அழுதார். அதையும் சேர்த்து ஆண்டுக்கு ஒன்றாய்ப் பதினோரு அட்டைகள் அவர் வீட்டு அலமாரியில் அடுக்கப்பட்டுள்ளன.

மூன்று வாரங்களுக்கு முன் தாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அந்த அம்மாள் அட்டைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“அக்கா, எங்கிட்டயே பதினொண்ணு இருக்கு. உங்ககிட்ட எத்தனை இருக்கும்?”

“எங்கிட்டயா? ஒண்ணும் இல்லையே” என்றீர்கள். “பண்றவளுக்கு யாரு பண்ணுவா? அதுவும் இல்லாம, ஒழுங்கா ஒரு மடிப்பு மடிக்கத் தெரிஞ்ச ஆள் நம்ம கட்டடத்துல யாரு இருக்காங்க, சொல்லு.”

தாங்கள் சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். ஆனால் தாங்கள் தெருமுனை திரும்புவதற்குள் அந்த அம்மாள் கணவரிடம் சொல்லிவிட்டார்.

“என்னங்க, இத்தனை வருஷம் எனக்கு வாங்கிக்கத் தெரிஞ்சுதே தவிர, குடுக்கணும்னு தோணல பாத்தீங்களா. அவங்க வேலைய விட்டுப் போறதுக்குள்ள கையால செஞ்ச கார்டு ஒண்ணு அவங்களுக்குப் போகணும். இல்லன்னா இந்த அலமாரிப் பக்கமே நான் கை வைக்க மாட்டேன்.”

அந்த அலமாரிதான் அவர் மனைவியின் சன்னல். மறுநாள் காலை முதல் வேலையாகத் தச்சர் மாடியேறி, தாங்கள் தேநீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, எங்கள் எல்லாரையும் கூட்டி வைத்து விஷயத்தைச் சொன்னார். சும்மா சொல்லக்கூடாது, அரை மணி நேரத்தில் ஒருமித்த தீர்மானம் நிறைவேறியது. இப்பிரிவின் வரலாற்றிலேயே எல்லாரும் ஒத்துக்கொண்ட முதல் தீர்மானம் அது. விரித்த ஒரு கைக்கும் சற்றுப் பெரிதான அட்டை, திறந்தால் நடுவில் ஒரு குழாய் எழுந்து நிற்கும், அதிலிருந்து முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முப்பத்து மூன்று துளிகள் சொட்டும், துளிக்கு ஒருவராய்க் கையெழுத்திடுவோம் என்று முடிவாயிற்று.

இளைய வரைவாளர் அதை வரைந்தார். வெட்டும்போது தாளை அப்படியே மேலே வைத்து வெட்டிக்கொள்ளலாம் என்று சரியான அளவிலேயே வரைந்தார், அதனால் எண்கள் எதையும் குறிக்கவில்லை. அதுவரை சரிதான். ஆனால் அவசரத்தில் அவர் கைக்குக் கிடைத்தது பம்பு அறைக் கதவுகளுக்கென்று அச்சிட்டு வைத்த தாள். அதன் வலது கீழ் மூலைத் தலைப்புக் கட்டத்தில், ‘அளவு’ என்ற இடத்தில், ‘1:10’ என்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது. ‘சரிபார்த்தவர்’ என்ற இடம் காலியாக இருந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகளில் தங்கள் கண் படாமல் இப்பிரிவை விட்டுக் கீழே இறங்கிய ஒரே தாள் அதுதான். விளைவைக் கேளுங்கள்.

தச்சர் தாளை வாங்கினார். எழுத்தர் போகிற போக்கில், “சின்னதா, அழகா பண்ணிடுங்க தச்சரே” என்று சொன்னது அவர் காதில் விழுந்தது. தாளைப் பார்த்தார். ஒன்றுக்குப் பத்து, அதாவது தாளில் ஓர் அங்குலம் என்றால் மரத்தில் பத்து அங்குலம். வாய் ஒன்று சொல்கிறது, தாள் ஒன்று சொல்கிறது. தங்கள் சீடரான அவர் எதை நம்புவார் என்று எங்களுக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்!

அன்று மாலை வீட்டில் மனைவியிடம் சொன்னார். “நான் என்னமோ கையடக்கமா இருக்கும்னு நெனச்சேன். மேல ரொம்பப் பெரிசா திட்டம் போட்டிருக்காங்க.”

“பெரிய மனுஷிக்குப் பெரிசாத்தான் போடுவாங்க. நீங்க தாள்ல உள்ளபடி செய்யுங்க” என்றார் அந்த அம்மாள்.

பன்னிரண்டு நாள் பணிமனையின் பின்கொட்டகையில் தச்சர் உழைத்தார். கிடங்குக்காரரிடம் ரத்தான வரைபடங்கள் நாற்பது வேண்டும் என்று கேட்டபோது, “ஒரு கார்டுக்கு நாப்பது தாளா? தப்புத் தப்பா வெட்டுறார் போல, பாவம்” என்று அவர் எங்களிடம் வந்து இரக்கப்பட்டார். தச்சர் சட்டங்களைத் தோளில் சுமந்து போவதைப் பார்த்தவர்கள் ஏதோ கதவு வேலை என்று நினைத்துக்கொண்டோம். தட்டச்சரோ, வரைபடத்தின் நகலைப் பார்த்து அளந்து, பூவேலை செய்த அழகான உறை ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தார்.

முந்தாநாள் பிற்பகல் எழுத்தர் அந்த உறையைக் கையில் எடுத்துக்கொண்டு, அட்டையை வாங்கி வரக் கீழே போனார். கொட்டகையில் தச்சர் கைகளைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார். முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

“முடிஞ்சுதா தச்சரே? கார்டு எங்க?”

“அதோ.”

“எதோ?”

“நீங்க சாஞ்சுகிட்டு நிக்கிறீங்களே, அதான்.”

எழுத்தர் திரும்பிப் பார்த்தார். ஏழடிக்கு ஒன்றரை அங்குலம் குறைவான உயரம், ஐந்தடிக்குச் சற்றே குறைந்த அகலம், மெல்லிய மரச்சட்டத்தின் மேல் இழுத்து ஒட்டிய தாள், நடு மடிப்புக்கு ஆறு கீல்கள். ஓர் அட்டை! எழுத்தர் அட்டையைப் பார்த்தார், கையிலிருந்த உறையைப் பார்த்தார். பிறகு அங்கேயே ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் விளங்கியதும் தச்சரின் முகம் சுருங்கியதை நாங்கள் மறக்கவே மாட்டோம். “அவங்க கையில குடுக்கிறதா எம்பொண்டாட்டிகிட்ட சொல்லியிருக்கேனே. இதை எப்படிக் கையில குடுக்கிறது?” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். இளைய வரைவாளர் தலைப்புக் கட்டத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். தச்சர் ரம்பத்தை எடுத்தார், இதை உடைத்துப் போட்டுவிட்டு இருக்கும் ஒன்றரை நாளில் சின்னதாக வேறு ஒன்று செய்கிறேன் என்றார். செய்திருக்கலாம்தான். ஆனால் அவசர மடிப்பு எப்படி இருக்கும் என்பது எங்களுக்கும் தெரியும், தங்கள் பென்சிலுக்கும் தெரியும்.

அந்நேரம் பார்த்து, முடிந்த அட்டையை முதல் ஆளாகத் தொட்டுப் பார்ப்பதற்காகத் தச்சரின் மனைவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அவர் ஒரு விளிம்பில் கை வைத்தார். தடவிக்கொண்டே ஓர் எட்டு நகர்ந்தார், இன்னோர் எட்டு நகர்ந்தார், எக்கி மேலே தடவினார்.

“என்னங்க இது, முடியவே மாட்டேங்குதே!” என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார்.

தச்சர் தலைகுனிந்தபடி நடந்ததைச் சொன்னார். கையில் ரம்பம் இருப்பதையும் மகள் சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டு, அட்டையைத் திறக்கச் சொல்லி, உள்ளே கையை விட்டுத் துளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். நகத்தளவு இருக்க வேண்டிய துளி ஒவ்வொன்றும் ஒரு சாண் இருந்தது.

“ரம்பத்தைக் கீழ வைங்க. இந்தத் துளியில கையெழுத்துப் போட்டா ஓரமா காணாமப் போயிடும். இதுல ஒரு கார்டே உக்காரும். எங்கிட்ட இருக்கிற பதினொண்ணையும் எடுத்துட்டு வர்றேன். மத்தவங்க வீட்டுல இருக்கிறதையும் கேளுங்க. சின்னதா செஞ்சிருந்தா அவங்க செஞ்சதுக்கெல்லாம் இடம் ஏது?”

கேட்டீர்களா அம்மையே! எங்கள் பிழைக்குள் இத்தனை இடம் இருந்தது ஒரு கட்டடமே நிறைந்த கண்ணுள்ளவர்களுக்குத் தெரியவில்லை.

நேற்று ஒரு நாள். தொலைபேசி சூடாகியது, ஜீப் நாலு தெரு சுற்றியது. முதலில் வந்தது படி அட்டை. அதைத் தட்டச்சரின் தந்தை தாமே, எங்கள் மாடிப்படிகளில் ஏறி வந்து தந்தார். பம்பு ஓட்டுநரின் இரட்டைப் பேரப்பிள்ளைகள், இரண்டையும் கோத்தால்தான் ஒன்றாகும் தங்கள் அட்டைகளை ஆளுக்குப் பாதியாய்க் கொண்டுவந்து, யார் பாதி மேலே என்று சண்டை போட்டார்கள். நில அளவையாளரின் மகன் எழுதாத அட்டையை அனுப்பியிருந்தான். இப்போது அதில் எழுதியிருந்தது, அடுத்த முறை பெற்ற மதிப்பெண். பத்து ஆண்டுகளுக்கு முன் மாற்றலாகிப் போனவர்கள்கூடப் பேருந்தில் கொடுத்தனுப்பினார்கள். முப்பத்து மூன்று துளிகளும் முற்பகலிலேயே நிரம்பின. பிறகு குழாய் நிரம்பியது, இரண்டு பக்கமும் நிரம்பின, விளிம்பு நிரம்பியது. நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகள்! ஒன்றைக்கூட யாரும் தொலைக்கவில்லை, அம்மையே. அனைவரும் ஒரே நிபந்தனைதான் விதித்தார்கள். விழா முடிந்ததும் அவரவர் அட்டை அவரவர்க்குப் பத்திரமாகத் திரும்பி வந்துவிட வேண்டும். தங்களுக்கென்றுகூட விட்டுக்கொடுக்க ஒருவருக்கும் மனமில்லை. இதைவிடப் பெரிய பாராட்டை எழுத எங்கள் எழுத்தருக்குத் தமிழ் போதவில்லை.

பண்றவளுக்கு யார் பண்ணுவார் என்று கேட்டவரே! ஒழுங்காய் ஒரு மடிப்பு மடிக்க ஆளில்லை என்று எங்களை நகைத்தவரே! மேடையின் வலப்புறம் தார்ப்பாய் போர்த்தி நிற்பது ஒலிபெருக்கி என்று தாங்கள் எண்ணியிருந்தால் அது அன்று. ஆறு கீல் வைத்த அந்த மடிப்பை ஒருமுறை திறந்து பாருங்கள். அதற்குமேல் எங்களை எள்ளி நகையாடுங்கள்!

பிழை கண்டுபிடிக்கத் தாங்கள் எழுவீர்கள் என்பது எமக்குத் தெரியும். ஆகையால் இம்மடலோடு வரைபடத் தாளையும் தங்கள் கையில் தருகிறோம். அளவுகோல் வைத்துப் பாருங்கள். தாளில் ஒன்று, தரையில் பத்து. தாள் சொன்னதும் தச்சர் செய்ததும் இம்மியும் பிசகவில்லை. தங்கள் சட்டப்படியே இதில் பிழை கிடையாது! காலியாக இருப்பது ‘சரிபார்த்தவர்’ என்ற கட்டம் ஒன்றே. முப்பத்து மூன்று ஆண்டுக் கையெழுத்துகளில் கடைசியான ஒன்றை அங்கே இட்டருள வேண்டுகிறோம்.

தலைமை வரைவாளரே, தங்கள் கண்ணில் தெளிவும், காலில் வலுவும், கையில் நடுங்காத நிதானமும் நெடுங்காலம் நிலைக்க! காலை எழுந்ததும் கடிகாரம் பார்க்காத சுகம் தங்களுக்குக் கைகூடுக! இனி இருபது நிமிடம் என்ற கணக்கின்றி, நாள் முழுதும் தாங்கள் விரும்பிய அட்டையை விரும்பியபடி செய்து நூறாண்டு நோயற்று வாழ்க! வாசலில் அஞ்சல்காரர் அழைக்கும்போதெல்லாம் வாழ்த்து ஒன்று தங்களுக்கும் வந்திருக்கக் கடவது! அதற்கு நாங்கள் பொறுப்பு.

இவண்,
தங்கள் சிவப்புப் பென்சிலுக்கு அஞ்சி, தங்கள் அட்டைகளால் தழைத்த
வரைவுப் பிரிவு, பணிமனை, கிடங்கு மற்றும் வாகனப் பிரிவு ஊழியர்கள்

பிற்சேர்க்கை (மடலைச் சட்டமிடும்போது எழுத்தர் சேர்த்தது):

மடல் வாசித்து முடிந்ததும் வாழ்த்தக்கா எழுந்து வந்து தார்ப்பாயை விலக்கி, அட்டையைத் தாமே திறந்தார். குழாய் எழுந்து நின்றது. நானூற்றுப் பன்னிரண்டையும் அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கும்வரை அரங்கமே எழுந்து நின்றபடி இருந்தது. அதன்பின் கைப்பையிலிருந்து எஃகு அளவுகோலை எடுத்தார். அக்கா தாளை அளந்தார், மண்டியிட்டு அட்டையின் விளிம்பை அளந்தார், மறுபடியும் அளந்தார்.

“ரெண்டு மில்லி கூடுது தச்சரே.”

“நேத்து வெயில்ல வச்சிருந்தோம் அக்கா, விரிஞ்சிருக்கும்.”

“விரியத்தான் செய்யும்” என்று சொல்லிவிட்டு, அக்கா சிவப்புப் பென்சிலை எடுத்து, அந்தக் கட்டத்தில் ஏதோ எழுதினார். கண் கலங்கியிருந்ததால் அவருக்கே வரி தெரியவில்லை போலும், பென்சில் முனை ஒடியுமளவுக்கு அழுத்தி எழுதினார். தாளை எங்களில் யாரிடமும் தரவில்லை. நேராகத் தச்சரின் மனைவியிடம் போய், அவர் விரலைப் பிடித்து அந்தக் கட்டத்தின் மேல் வைத்தார்.

நாங்கள் எட்டி எட்டிப் பார்த்தோம், எழுத்து தெரியவில்லை. அந்த அம்மாளின் விரல் பென்சில் பதிந்த பள்ளத்தில் மெல்ல நகர்ந்து முடிவுக்கு வந்தது.

“என்னம்மா எழுதியிருக்காங்க? ‘மீண்டும்’னா?” என்று தச்சர் கேட்டார்.

“இல்லங்க” என்றார் அவர். “‘சரி’ன்னு எழுதியிருக்காங்க.”